மாடிக் கைப்பிடி ஆடுகிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

சித்திரைத் திருவிழா நெருங்கினால் மதுரையில் எங்கள் பட்டறைக்குக் கைப்பிடி வேலை நிறைய வரும். மாசி வீதிகளில் தேர் வருகிற நாளில் ஒவ்வொரு மாடியிலும் சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்கும். மற்ற நாட்களில் துணி காயப்போடுகிறவர் மட்டும் லேசாகச் சாய்கிற கம்பியில், அன்றைக்குப் பத்துப் பேர் ஒரே பக்கம் சாய்வார்கள். தேர் மூலை திரும்பும்போது இன்னும் எட்டிப் பார்ப்பார்கள். தல்லாகுளத்தில் அழகருக்கு எதிர்சேவை நடக்கும்போதும் அப்படித்தான். அந்தச் சுமை வருவதற்கு முன்னால் கைப்பிடியைப் பார்த்துவிட வேண்டும். பட்டறை ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. கைப்பிடி 1 மீட்டர் உயரம், அடிப்பிளேட்டில் போல்ட்டுக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் 50 கிலோ அழுத்தத்தில் சாய்ந்தால், அது கீழே பன்னிரண்டரை மடங்காகப் பெருகும். உள்பக்கப் போல்ட்டுகளை 625 கிலோ மேல்நோக்கிப் பிடுங்கும். கடப்பாரையால் கல்லை நெம்புவதும் இதே கணக்குதான். அதனால்தான் நான் பார்த்த பழுதுகளில் மேல் பைப் ஒடிந்தது என்று ஒன்றுகூட நினைவில்லை. எல்லாமே அடியில்தான் விட்டிருக்கின்றன. ஆனால் வீட்டுக்காரர்கள் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பது மேல் பைப்பை. அடியில் பிளேட்டையும் போல்ட்டையும் மூடியிருக்கிற கப்பைத் தூக்கிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

சோதிக்கும்போது எப்போதும் உள்பக்கம் நின்று, கைப்பிடியை உங்களை நோக்கி இழுங்கள். வெளியே தள்ளிப் பார்க்காதீர்கள், உடம்பைச் சாய்த்துப் பார்க்கவே கூடாது. அளவு தெரிய வேண்டுமானால் பழைய பேப்பர் வாங்குகிறவர்கள் வைத்திருக்கிற தொங்கு தராசு ஒன்று போதும். கயிற்றை மேல் பைப்பில் கட்டி, தராசை மாட்டி, 40 கிலோ காட்டும்வரை இழுங்கள். விட்டவுடன் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் பரவாயில்லை. திரும்பாமல் உங்கள் பக்கமே நின்றுவிட்டால் அடியில் ஏதோ இளகியிருக்கிறது. இதில் ஒரு குறை உண்டு. உள்ளே இழுக்கும்போது வேலை செய்வது வெளிப்பக்கப் போல்ட். ஆள் சாயும்போது தாங்க வேண்டியதோ உள்பக்கப் போல்ட். அதனால் தராசு நல்லபடி காட்டினாலும் உள்பக்க நட்டுகளை ஸ்பானர் போட்டுத் தனியாகப் பார்க்காமல் விடாதீர்கள்.

கைப்பிடி ஆடுகிறது

வருகிற புகார்களில் இதுதான் முக்கியம், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். ஆடுகிறது என்று தெரிந்தால் போதாது, எந்த இடத்தில் ஆடுகிறது என்று தெரிய வேண்டும். கப்பை மேலே தூக்கிவிட்டு, ஒரு கையால் பைப்பை அசைத்துக்கொண்டே இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை அடியில் வையுங்கள். விரல் நுனி பாதி பிளேட்டிலும் பாதி கிரானைட்டிலும் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரிந்துவிடும். பிளேட் நகராமல் பைப் மட்டும் அசைந்தால் கோளாறு வெல்டிங்கில், அல்லது பைப்பை இறுக்குகிற அலன் கீ ஸ்க்ரூவில். பிளேட் கல்லைவிட்டுத் தூக்கித் தூக்கி விழுந்தால் போல்ட்டில். கல்லும் சேர்ந்து அசைந்தால், அந்தக் கைப்பிடிப் பக்கம் அன்றோடு யாரையும் விடாதீர்கள்.

வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய மாடி வீட்டில் தேருக்கு மூன்று நாள் முன்பு இதைத்தான் பார்த்தேன். அசைத்தபோது கிரானைட் பலகை ஆடும் பல் மாதிரி ஏறி இறங்கியது. வீட்டு அப்பத்தா, "இது கட்டுன நாள்ல இருந்தே இப்படித்தான்யா ஆடுது, ஒண்ணும் ஆகலயே" என்றார்கள். "அப்பத்தா, இத்தனை நாளும் இதைப் பிடிச்சிருந்தது போல்ட் இல்ல, கல்லோட கனம்தான்" என்று சொல்லி நட்டைக் கழற்றினேன். ஸ்பானர் அரைச் சுற்றுத் திரும்புவதற்குள் போல்ட் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. ஓட்டைக்குள் வெறும் மணல்தான் இருந்தது.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கிரானைட் 18 மில்லிமீட்டர். அதற்குக் கீழே பதித்த கலவை 40 மில்லிமீட்டர். காங்கிரீட் 58-வது மில்லிமீட்டருக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வழக்கமாகக் கொண்டுவருகிற ஃபாஸ்னர், அதாவது ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கிற போல்ட், 75 மில்லிமீட்டர் நீளம். அதில் பிளேட்டுக்கு 6, நட்டுக்கும் வாஷருக்கும் 10 போனால் உள்ளே இறங்குவது 59. ஆக, காங்கிரீட்டைத் தொடுவது 1 மில்லிமீட்டர்! ஃபாஸ்னரின் நுனி விரிந்து பிடிப்பது நல்ல காங்கிரீட்டிலாக இருக்க வேண்டும். கலவையில் விரிந்தால் நாளாக நாளாகக் கலவை பொடியாகிவிடும். அதே இடத்தில் 125 மில்லிமீட்டர் போல்ட் போட்டிருந்தால் 51 மில்லிமீட்டர் காங்கிரீட்டுக்குள் இருந்திருக்கும். விலை வித்தியாசம் போல்ட்டுக்குச் சில ரூபாய்தான்.

இளகிய போல்ட்டை மறுபடி முறுக்கி இறுக்குவது சரிப்படாது. இறுகியது மாதிரி தெரியும், ஓட்டை இன்னும் பெரிதாகும். வெள்ளைச் சிமெண்டையோ எம்-சீலையோ ஓட்டைக்குள் அடைத்து ஃபாஸ்னரைத் திரும்ப அடிப்பதும் கூடாது. பிளேட்டைக் கொஞ்சம் திருப்பிப் புது இடத்தில் நீளமான போல்ட் போடுங்கள், அல்லது பழைய ஓட்டையை ஆழமாக்கிக் கெமிக்கல் ஆங்கர் (பசை மாதிரி இறுகிப் போல்ட்டைப் பிடிக்கிற கெமிக்கல்) வையுங்கள். கெமிக்கல் என்றால் ஓட்டைக்குள் ஒரு தூசி இருக்கக் கூடாது. பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூசி இருந்தால் கெமிக்கல் அந்தத் தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும். அவசரக்காரர்கள் வாயால் ஒரு தடவை ஊதிவிட்டுப் போய்விடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஓரத்திலிருந்து போல்ட் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நாலு விரல்கடைக்குள் இருந்தால், ஃபாஸ்னர் விரியும்போதே காங்கிரீட் ஓரம் வெட்டிக்கொள்ளும். பால்கனி ஓரத்தில் அரைவட்டமாக ஒரு விரிசல் தெரிந்தால் அதுதான் காரணம்.

செங்கல் கைப்பிடிச் சுவரின் தலையில் கம்பி நட்டிருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செங்கலுக்கு விரிகிற ஃபாஸ்னர் ஆகாது, கல் பிளந்துவிடும். சுவரின் தலையில் கம்பி கட்டிய காங்கிரீட் பட்டி ஒன்று போட்டு அதில் நடுவதுதான் நிம்மதி. செலவு கூடும், கொத்தனார் இரண்டு நாள் வர வேண்டும். இருந்தாலும் நான் வேறு வழி சொல்வதில்லை.

கடலில் ஓடுகிற பாய்மரப் படகுகளைச் செய்கிறவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கறாரானவர்கள். படகின் ஓரத்தில் ஆள் விழாமலிருக்கக் கம்பித் தூண்கள் நிற்கும். அவற்றின் போல்ட்டைத் தளத்தின் மேல் நிறுத்திவிட மாட்டார்கள். தளத்தை முழுக்கத் துளைத்து, அடியில் ஒரு தகடு வைத்து, அதற்குக் கீழே நட்டுப் போட்டு இறுக்குவார்கள். பால்கனித் தளத்தின் அடிப்பக்கம் கைக்கு எட்டுகிற வீடுகளில் இதையே செய்யலாம். மேலே பிளேட், கீழே பிளேட், நடுவில் தளம். ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் சீலண்ட் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் அப்படிப் போட்ட எதுவும் இதுவரை ஆடவில்லை.

பைப் மட்டும் ஆடுகிறது, பிளேட் ஆடவில்லை

அலன் கீ ஸ்க்ரூ இருக்கிற மாடலாக இருந்தால் நல்ல செய்தி. கழற்றி, துடைத்து, மரையில் லாக் திரவம் ஒரு சொட்டு விட்டு இறுக்கினால் முடிந்தது. வெல்டிங் என்றால் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மயிரிழை விரிசல் பஃப் அடித்த பளபளப்பில் தெரியாது. அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. வெல்டிங்கைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, இல்லாவிட்டால் டீசல், கால் மணி நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தூளாக்கி அந்த இடத்தில் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் நூல் மாதிரி ஒரு ஈரக்கோடு மெல்ல எழும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அந்தக் கோடு எழும்போது வயிற்றில் இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அதற்கு முந்தின நிமிடம் வரை அந்தக் கம்பி புதுசு மாதிரிதானே நின்றது.

விரிசலைவிட அதிகம் பார்ப்பது முழுசாக வெல்டு செய்யாததை. பைப்பைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் வெல்டிங் பொட்டு மட்டும் வைத்து, மேலே பஃப் அடித்து, கப்பைப் போட்டு மூடிவிடுகிறார்கள். கப்பைத் தூக்கினால் பொட்டு, இடைவெளி, பொட்டு என்று தெரியும். சுற்று முழுக்க ஆர்கான் வெல்டிங் ஓட்டச் சொல்லுங்கள். வேலையிலேயே இதுதான் மலிவான பகுதி. ஓட்டுவதற்கு முன் தடவிய எண்ணெயைத் தின்னர் போட்டுத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே நெருப்பைக் கொண்டுபோக வேண்டும்.

எவர்சில்வர் என்று போட்டோம், பழுப்பேறுகிறது

மேல்பரப்பில் டீக்கறை மாதிரிப் பழுப்பு வந்திருந்தால் பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான், பலம் குறையாது. காரணங்கள் இரண்டு மூன்று. முதலாவது, டைல்ஸ் கழுவ ஊற்றுகிற ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அதிலுள்ள குளோரைடு எவர்சில்வரின் மேல்தோலைத் தின்றுவிடும். ஊற்ற வேண்டும் என்றில்லை, பக்கத்தில் மூடி திறந்து வைத்தால் அந்தப் புகையே போதும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். இரண்டாவது, கிரில் அறுக்கும்போது பறந்து ஒட்டிய இரும்புத் தூள். துருப்பிடிப்பது அந்தத் தூள்தான், பழி எவர்சில்வருக்கு. மூன்றாவது, உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுவது. பாத்திரம் விளக்குகிற சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி, பைப்பில் தெரிகிற கோடு ஓடுகிற திசையிலேயே தேய்ப்பு, கடைசியில் நல்ல தண்ணீர், உடனே துடைப்பு. இது போதும். கம்பி நார் மட்டும் போடாதீர்கள்.

துடைத்த சில வாரங்களில் முழு நீளத்துக்கும் திரும்ப வந்தால் பைப்பின் தரத்தைச் சந்தேகப்பட வேண்டும். எவர்சில்வரின் தரத்தை நம்பரால் சொல்வார்கள்; 304 என்று சொல்லி 202 போடுவது நடக்கிறது. 304-இல் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் ஒரிஜினல் என்று நம்பாதீர்கள், 202-இலும் காந்தம் ஒட்டாது. பைப் விற்கிற கடையில் சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள், ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் சொல்லிவிடுவார்கள். கடலோரத்தில் 304-உம் தாங்காது, மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். படகுகளில் அதுதான். நம் ஊரில் உப்புக்காற்று இல்லை, அதனால் மதுரை வீட்டுக்கு உண்மையான 304 தாராளம். 316-க்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பழுப்பு மேலே இல்லாமல் கப்புக்கு அடியிலிருந்து கசிந்து, கிரானைட்டில் கோடு போட்டு ஓடுகிறதா? அது அழகுப் பிரச்சினை இல்லை. கப்பைத் தூக்கினால் உள்ளே சாதா இரும்பு பிளேட்டோ இரும்பு போல்ட்டோ இருக்கும். ஈரத்தில் எவர்சில்வரும் இரும்பும் சேர்ந்திருந்தால் கரைவது இரும்புதான். எவர்சில்வர் பெரிதாகவும் போல்ட் சின்னதாகவும் இருப்பதால் இன்னும் வேகமாகக் கரையும். கப் வேறு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நட்டின் மூலைகள் உருண்டு போயிருந்தால் உள்ளே போல்ட்டும் மெலிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் எவர்சில்வர் போல்ட்டாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள், நான்கும் ஒரே நாளில் போட்டவைதானே.

பழைய இரும்புக் கைப்பிடி: அடியில் பெயிண்ட் உப்புகிறது

தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான் இது வரும். மழைத் தண்ணீர் பைப்பில் வழிந்து வந்து, சிமெண்டும் இரும்பும் சேருகிற இடத்தில் நிற்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். மேலே 'டங்' என்று கேட்கும். அடிக்கு வரும்போது 'தப்' என்று மாறினால், ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி நுனியால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பைப் முடிந்தது. பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்து மறைப்பது ஆபத்து, அடுத்த ஆள் நம்பிச் சாய்வார்.

பைப்பைச் சுற்றிச் சிமெண்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல் இருந்தாலும் இதே நோய்தான். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துச் சிமெண்டைப் பிளக்கிறது. நல்ல பகுதி வரை அறுத்து எடுத்துவிட்டு, தரைக்கு மேலே தெரிகிற பிளேட்டாக மாற்றிப் போடுவது நல்லது. இனிமேல் துருப்பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும். குத்திய நுனி உள்ளே இறங்காமல் மேல்துரு மட்டும் என்றால், உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர், காய்ந்ததும் இரண்டு கோட் பெயிண்ட். அடியில் தண்ணீர் நிற்காமல் சுற்றிலும் சரிவாகக் கலவை வைத்துவிடுங்கள்.

அசைத்தால் பைப்புக்குள் தண்ணீர் சத்தம்

மேலே மூடி கழன்றிருக்கும், அல்லது வெல்டிங்கில் ஊசி ஓட்டை இருக்கும். ஐப்பசி மழை முடிந்தபின் காதை வைத்துக் கேளுங்கள். அடியில் 5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால் வடிந்துவிடும். வருகிற தண்ணீர் செங்காவி நிறத்தில் இருந்தால் பைப் உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம், தட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். மேல் மூடியை அடைக்க மறக்காதீர்கள்.

கைப்பிடி முட்டுகிற சுவரில் விரிசல்

இதற்குக் கொத்தனாரைத் திட்டுகிறார்கள், பாவம். மதுரை வெயிலில் நண்பகலில் கை வைக்க முடியாத பைப், விடியற்காலையில் சில்லென்று இருக்கிறது. 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், 6 மீட்டர் எவர்சில்வர் பைப் 3 மில்லிமீட்டர் நீளும். இரு முனையும் சுவருக்குள் பதிந்திருந்தால் அந்த 3 மில்லிமீட்டர் எங்கே போகும்? தினமும் சுவரை இடிக்கும், இல்லாவிட்டால் தூண்களை வளைத்துப் போல்ட்டை இளக்கும். ஒரு முனையை விட்டுவிட்டு, சாக்கெட்டுக்குள் நகர்கிற மாதிரி மாற்றினால் போதும். விரிசலைப் பூசுவது அதற்கு அப்புறம்.

எதுவும் ஆடவில்லை, ஆனால் உயரம் குறைந்த மாதிரி இருக்கிறது

மாதிரி இல்லை, குறைந்தேதான் இருக்கிறது. வெக்கை தாங்காமல் மொட்டை மாடியில் கூலிங் டைல்ஸ் பதிக்கிறோம். பழைய தட்டோட்டின் மேல் கலவை, அதன் மேல் டைல்ஸ் என்று தரை 6, 7 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. கைப்பிடிச் சுவர் ஏறவில்லை. மாடி ஓரத்தில் இப்போதைய தரையிலிருந்து குறைந்தது 1 மீட்டர் இருக்க வேண்டும், டேப் வைத்து அளந்து பாருங்கள். குறைந்தால் சுவரின் மேல் ஒற்றைப் பைப் ஓட்டிச் சரிசெய்யலாம். அடி நிற்க மேலே சொன்ன கணக்குதான்.

கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னக் குழந்தையின் தலை போய்விடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டில் கம்பி ஓட்டிய கைப்பிடி குழந்தைக்கு ஏணி. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் செங்குத்துக் கம்பி கேளுங்கள், பார்க்க எப்படி இருந்தாலும் சரி.

கண்ணாடி பதித்த கைப்பிடியில் கிளாம்ப்பின் ரப்பர் வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை என்றால் ரப்பரை மாற்றுங்கள். கண்ணாடி நேராக உலோகத்தில் உரசினால் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

பழுது தெரிந்து, ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றால் கட்டுக்கம்பியால் கட்டிச் சமாளிக்காதீர்கள். பால்கனிக் கதவைப் பூட்டுங்கள். பூட்ட முடியாத இடமாக இருந்தால், ஓரத்திலிருந்து மூன்றடி உள்ளே தள்ளிக் கயிறு கட்டி, அதில் சிவப்புத் துணி தொங்கவிடுங்கள். கீழே நடந்து போகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பட்டறை ஆளிடம், கப்பை இறக்காமல் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். போல்ட் நீளத்தை முன்கூட்டியே கேட்டு, போடாத ஒன்றைக் கையில் வாங்கி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கெமிக்கல் போட்டிருந்தால் அன்றிரவு யாரும் கை வைக்க வேண்டாம். காலையில் விரலை அடியில் வைத்து அசைத்துப் பாருங்கள், தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். அப்புறம் கப்பை நீங்களே இறக்கிவிடுங்கள்.